முக அமைப்பை மாற்றும் ஃபில்லர் ஊசி: போடுவதற்கு முன் கேட்க வேண்டியதும் கேட்க மறப்பதும்

கன்னம் ஒட்டிப்போய்விட்டது, தாடைக் கோடு தெரியவில்லை, கண்ணுக்குக் கீழே குழி விழுந்துவிட்டது, ஆபரேஷன் இல்லாமல் சரிசெய்ய முடியுமா என்று தேடுபவர்களுக்காக எழுதியது இது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஃபில்லர் இடத்தை நிரப்பும், அவ்வளவுதான். தொங்கும் தோலை இழுத்துக் கட்டாது, தோலின் தரத்தைப் பெரிதாக மாற்றாது. அதனால் முடியாத வேலையை அதனிடம் கேட்டுக் கேட்டு முகத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

ஃபில்லர் என்றால் என்ன? உள்ளே எதைச் செலுத்துகிறார்கள்?

பெரும்பாலும் ஹையலுரோனிக் அமிலத்தால் ஆன ஒரு தெளிவான ஜெல். அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம், எரிக்கிற சமாச்சாரம் இல்லை. நம் தோலிலும் மூட்டுகளிலும் கண்ணுக்குள்ளும் இயல்பாகவே இருக்கும் ஒரு சர்க்கரைச் சங்கிலி அது, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அதை அப்படியே ஊசியில் ஏற்றினால் உடம்பு சில நாட்களிலேயே உடைத்துக் கரைத்துவிடும். அதனால் தொழிற்சாலையில் இந்தச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்து, சீக்கிரம் உடையாத ஜெல்லாக மாற்றுகிறார்கள். எவ்வளவு பிணைக்கிறார்கள், எப்படிப் பிணைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஜெல் கெட்டியாகவோ இளகலாகவோ வரும். மோவாய்க்கும் தாடைக்கும் கெட்டியானது வேண்டும், உதட்டுக்கும் கண்ணுக்குக் கீழேயும் இளகலானது வேண்டும். ஒரே ஜெல்லை முகம் முழுக்கப் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே கொஞ்சம் யோசியுங்கள்.

இதைத் தவிர வேறு வகைகளும் உண்டு. கால்சியம் ஹைட்ராக்ஸிலாபடைட் என்பது எலும்பில் இருக்கும் தாதுவைப் போன்ற நுண்ணிய மணிகள். பாலி-எல்-லாக்டிக் அமிலம் உடனே நிரப்பாது, தோலைத் தூண்டி, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை மெதுவாக வளரவைக்கும், பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். எச்ஐவி சிகிச்சையில் இருந்தவர்களுக்குக் கன்னக் கொழுப்பு கரைந்துபோகும் பிரச்சினைக்காகத்தான் 2004-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்கு ஒப்புதல் தந்தது, அழகுக்காகப் போட ஒப்புதல் 2009-இல் வந்தது. பிஎம்எம்ஏ என்ற பிளாஸ்டிக் மணிகள் கலந்த நிரந்தர ஃபில்லரும் இருக்கிறது. முதன்முறை போடுபவர்கள் நிரந்தரமானதன் பக்கமே போகாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. முகம் வயதோடு மாறிக்கொண்டே இருக்கும், உள்ளே போட்டது மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

போட்டாக்ஸும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. போட்டாக்ஸ் தசையைத் தளரவைக்கும் மருந்து. நெற்றியைச் சுருக்கும்போதும் சிரிக்கும்போதும் வரும் கோடுகளுக்கு அது, மூன்று நான்கு மாதம் நிற்கும். ஃபில்லர் தசையைத் தொடுவதில்லை, குறைந்த பருமனைக் கூட்டுகிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்பவர்கள் அதிகம் என்பதால்தான் இந்தக் குழப்பம்.

புதுசாக வந்த விஷயமா? நம்பலாமா?

ஆசை பழையது, ஜெல்தான் புதுசு. 1890-களிலேயே உடம்பின் ஓரிடத்துக் கொழுப்பை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தார்கள். 1900-ஐ ஒட்டி உருக்கிய பாரஃபினை ஊசியில் ஏற்றினார்கள், அது உள்ளே கட்டி கட்டியாகி இடம் மாறிப் பலருடைய முகத்தை நாசமாக்கியது. 1981-இல் மாட்டுக் கொலாஜனுக்கு எஃப்டிஏ ஒப்புதல் கிடைத்தது, ஆனால் ஒவ்வாமை வருமா என்று முன்கூட்டியே கையில் ஊசி போட்டுச் சோதிக்க வேண்டும், நிற்பதோ சில மாதம்தான். 2003 டிசம்பரில் ரெஸ்டிலேன் வந்தது, அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் ஹையலுரோனிக் ஃபில்லர் அதுதான், 2006-இல் ஜூவிடெர்ம். ஆக, இந்த வகைக்கு இருபது வருஷத்துக்கு மேல் அனுபவம் இருக்கிறது. அந்த அனுபவத்தில் எது எப்படித் தவறாகப் போகும் என்பதும் அடக்கம். கீழே வருகிறேன்.

முகத்தின் அமைப்பை மாற்ற எங்கெங்கே போடுவார்கள்?

இங்கேதான் போடுபவரின் கண் முக்கியம், ஏனென்றால் குறை தெரியும் இடமும் ஊசி போட வேண்டிய இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. வயதாகும்போது தோல் மட்டும் தளர்வதில்லை. அடியில் இருக்கும் எலும்பே கரைகிறது, கண் குழி அகலமாகிறது, தாடை எலும்பு குறைகிறது, கன்னத்தின் கொழுப்புத் திட்டுகள் மெலிந்து கீழே இறங்குகின்றன. நடுக்கம்பு இறங்கிய கூடாரத்தின் துணி ஓரத்தில் மடிந்து கிடப்பதுபோல, மேல் கன்னம் இறங்கும்போது மூக்கிலிருந்து வாய் ஓரம் வரை அந்தச் சிரிப்புக் கோடு ஆழமாகிறது. கோட்டுக்குள் நேராக ஜெல்லை அடைத்தால் வாயைச் சுற்றிக் கனத்துப்போய்க் குரங்கு முகம் மாதிரி ஆகிவிடும் (கடுமையாகச் சொல்கிறேன், ஆனால் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்). கன்ன எலும்பின் மேல் கொஞ்சம் போட்டால் அதே கோடு தானாகவே குறையும்.

மோவாய்தான் என்னைக் கேட்டால் செலவிட்ட ஜெல்லுக்கு அதிகப் பலன் தரும் இடம். பக்கவாட்டில் பார்க்கும்போது மோவாய் உள்வாங்கியிருந்தால் மூக்கு பெரிதாகத் தெரியும், கழுத்தும் தாடையும் சேர்ந்துபோனது மாதிரி இருக்கும். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தாலே மொத்த முகமும் மாறித் தெரியும். தாடைக் கோட்டுக்கு நிறைய ஜெல் தேவைப்படும். அதுவும் ஏற்கெனவே தோல் தொங்கி, தாடையோரம் சதை பிதுங்கியிருந்தால் ஃபில்லர் கனத்தைத்தான் கூட்டும், தூக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சைதான் பதில், அதை ஒத்துக்கொள்ளாத டாக்டரிடம் பணம் வீணாகும். நெற்றிப்பொட்டில் குழி விழுந்திருந்தால் அங்கேயும் போடலாம்.

கண்ணுக்குக் கீழே போடுவது கஷ்டமான வேலை. அங்கே தோல் மிக மெல்லியது, ஜெல்லை மேலாகப் போட்டுவிட்டால் வெளிச்சம் பட்டு நீலமாகத் தெரியும். ஜெல் தண்ணீரை இழுப்பதால் காலையில் பை மாதிரி வீங்கிக்கொள்ளும். அந்த இடம் கருப்பாக இருப்பதற்குக் காரணம் குழியின் நிழலா, நிறமியா, கொழுப்புப் பையா என்று பார்க்காமல் ஊசி எடுப்பவரை விட்டு விலகிவிடுங்கள், நிழலுக்குத்தான் ஃபில்லர் உதவும்.

மூக்கு? மேட்டை மறைத்து நேராகக் காட்டலாம். சிறியதாக்க முடியாது, ஏனென்றால் சேர்க்கிறோமே தவிர எடுக்கவில்லை. ஆபத்து அதிகமான இடம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே மூக்கில் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு ரத்த ஓட்டம் மாறியிருக்கும் என்பதால் இன்னும் அதிகம்.

எத்தனை சிரிஞ்ச் தேவைப்படும்?

ஒரு சிரிஞ்சில் வழக்கமாக 1 மி.லி. இருக்கும். ஒரு டீஸ்பூன் 5 மி.லி., அதாவது ஐந்து சிரிஞ்ச் சேர்ந்தால்தான் ஒரு டீஸ்பூன். இதைக் கேட்டதும் இரண்டு விஷயம் புரியும்: ஒரு சிரிஞ்சில் முகம் முழுக்க மாறாது, அதே சமயம் நாலு சிரிஞ்ச் என்றதும் அலற வேண்டியதும் இல்லை. முதல் தடவை குறைவாகப் போட்டு, வீக்கம் வடிந்தபின் பார்த்துத் தேவைப்பட்டால் சேர்ப்பதுதான் சரி. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம், தள்ளுபடி உண்டு என்று சொல்லும் இடத்தில் உட்காராதீர்கள்.

வலிக்குமா?

மரத்துப்போகும் கிரீம் தடவுவார்கள், பல ஜெல்களில் லிடோகெயின் என்ற மரக்கவைக்கும் மருந்து கலந்தே இருக்கும். உதடு வலிக்கும், கன்னம் தாங்கும், எலும்பின் மேல் போடும்போது ஒரு அழுத்தம் தெரியும். சிலர் கூரான ஊசிக்குப் பதில் கேனுலா என்ற முனை மழுங்கிய மெல்லிய குழலைப் பயன்படுத்துவார்கள். அது ரத்தக் குழாயைக் குத்தும் வாய்ப்பைக் குறைக்கும், முற்றிலும் இல்லாமல் செய்யாது.

எத்தனை நாள் நிற்கும்?

ஹையலுரோனிக் என்றால் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை, இரண்டு வருஷம் வரை என்று சொல்வார்கள். அதிகம் அசையும் உதட்டில் சீக்கிரம் குறையும், கன்னத்திலும் மோவாயிலும் நீடிக்கும். ஆனால் எல்லாரும் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. பலன் குறைவது வேறு, ஜெல் காலியாவது வேறு. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது பல வருஷம் முன்பு போட்ட ஃபில்லர் இன்னும் முகத்துக்குள் இருப்பது தெரியவந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு வருஷமும் காலண்டரைப் பார்த்துப் போய் அதே அளவைத் திரும்பப் போட்டுக்கொள்வது பழையதன் மேல் புதியதை அடுக்குவதாகத்தான் முடியும். தேதியை விடுங்கள், முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சிலருடைய முகம் ஏன் ஊதிப்போய் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது?

மேலே சொன்ன அடுக்குதல் ஒரு காரணம். இன்னொன்று, வீக்கத்தோடு இருக்கும் முதல் வார முகம் சிலருக்குப் பிடித்துப்போய்விடும், வீக்கம் வடிந்ததும் ஏதோ குறைந்துவிட்டது என்று மறுபடி போவார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும்போது கண்ணாடி அதைக் காட்டாது. முதல் ஊசிக்கு முன் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் அதோடுதான் ஒப்பிட வேண்டும், போன மாதப் படத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை. நன்றாகப் போட்ட ஃபில்லர் யாருக்கும் தெரியாது, அதனால் நாம் பார்ப்பதெல்லாம் அதிகமாகப் போட்டவைதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

போட்ட பிறகு எது இயல்பு, எது இல்லை?

வீக்கம், சிவப்பு, ரத்தக்கட்டு, தொட்டால் லேசான வலி, இதெல்லாம் இயல்பு. வீக்கம் முதல் இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், உதட்டில் பார்க்கவே பயமாக இருக்கும். ரத்தக்கட்டு மறைய ஒன்று இரண்டு வாரம் ஆகலாம். ஒரு நாளாவது கடும் உடற்பயிற்சியும் மதுவும் அதிகச் சூடும் வேண்டாம், டாக்டர் சொல்லாமல் நீங்களாகவே பிசைந்துவிடவும் வேண்டாம்.

மிகப் பெரிய ஆபத்து எது? மறைக்காமல் சொல்லுங்கள்.

ஜெல் ரத்தக் குழாய்க்குள் போய்விடுவது. அரிது, ஆனால் திறமையானவர் கையிலும் நடக்கும். தமனிக்குள் போனால் அது ஊட்டும் தோலுக்கு ரத்தம் நின்றுவிடும். ஊசி போடும்போதே அந்த இடம் வெளுத்துப்போவது முதல் அடையாளம், அப்புறம் வலை பின்னியது போல ஊதா அல்லது சாம்பல் நிறத் திட்டுகள், வழக்கத்தை மீறிய வலி. விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் சட்டென்று திரும்ப வேண்டும், மெதுவாகத் திரும்பினால் சந்தேகப்பட வேண்டும். லிடோகெயின் இருப்பதால் முதல் சில மணி நேரம் வலி தெரியாமலே இருக்கலாம், ஆகவே வலிக்கவில்லை என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். கவனிக்காமல் விட்டால் சில நாளில் சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளங்கள் வந்து, தோல் கருகி, தழும்பாகும்.

இதைவிட மோசமானது கண். மூக்கு, புருவங்களுக்கு நடுப்பகுதி, நெற்றி ஆகிய இடங்களின் தமனிகள் கண்ணுக்குப் போகும் தமனியோடு இணைந்தவை. ஊசியின் அழுத்தத்தில் ஜெல் ரத்த ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் தள்ளப்பட்டு, அழுத்தம் விட்டதும் விழித்திரைக்குப் போகும் தமனியில் போய் அடைத்துக்கொண்டால் பார்வை போய்விடும். உலகம் முழுக்க அதுவரை மருத்துவ இதழ்களில் வந்தவற்றைத் தொகுத்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் இப்படி 98 பேருக்குப் பார்வை பாதிக்கப்பட்டிருந்தது, அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை ஜெல்லுக்குப் பதில் சொந்த உடம்பின் கொழுப்பை எடுத்து ஏற்றியதால் வந்தவை. போடப்பட்ட கோடிக்கணக்கான ஊசிகளோடு பார்த்தால் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை என்பதால், எண்ணிக்கையைச் சொல்லி ஆறுதல் தர நான் தயாரில்லை. ஊசியின்போதோ பிறகோ பார்வை மங்கினாலும், ஒரு கண் தெரியாமல் போனாலும், கடும் தலைவலி, பேச்சுக் குழறல், கைகால் பலவீனம் வந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

தோல் அடைப்பு என்றால் போட்டவரை உடனே அழையுங்கள், நடுராத்திரி ஆனாலும். ஐஸ் வைக்காதீர்கள், அது குழாயை இன்னும் சுருக்கும். ஹையலுரோனிக் ஃபில்லராக இருந்தால் ஹையலுரோனிடேஸ் என்ற நொதியை நிறையப் போட்டு, தேவைப்பட்டால் திரும்பத் திரும்பப் போட்டு, கரைப்பார்கள்.

அப்படியானால் பிடிக்கவில்லை என்றாலும் கரைத்துவிடலாமா?

ஹையலுரோனிக் என்றால் கரைக்கலாம். ஓரிரு நாளில் பலன் தெரியும், சில சமயம் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை போட வேண்டியிருக்கும். ஒவ்வாமை வரலாம், குறிப்பாகத் தேனீ கொட்டி ஒவ்வாமை வந்தவர்கள் முன்பே சொல்ல வேண்டும், ஏனென்றால் தேனீ விஷத்திலும் இதே வகை நொதி இருக்கிறது. கால்சியம், லாக்டிக் அமிலம், பிஎம்எம்ஏ எதையும் இது கரைக்காது. அவசரத்திலும் கரைக்காது என்பதுதான் இதில் முக்கியம். முதல் ஃபில்லர் ஹையலுரோனிக்காகவே இருக்கட்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

மாதங்கள் கழித்துத் திடீரென்று வீங்குகிறதே?

நடக்கும். காய்ச்சல், பல் சிகிச்சை, வேறு தொற்று எதற்காவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தூண்டப்படும்போது ஃபில்லர் இருக்கும் இடம் வீங்கலாம். 2020-இல் மாடர்னா கொரோனா தடுப்பூசிச் சோதனையில் ஃபில்லர் போட்டிருந்த மூன்று பேருக்கு முகம் வீங்கியது, சிகிச்சையில் சரியானது. பல் வேலை இருந்தால் ஃபில்லருக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரமாவது இடைவெளி விடச் சொல்வார்கள். கட்டி சிவந்து, சூடாக, வலியோடு இருந்தால் தொற்றாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். இன்னொரு சின்ன விஷயம்: கால்சியம் வகை எக்ஸ்ரேயிலும் சிடி ஸ்கேனிலும் வெள்ளையாகத் தெரியும். முகத்தில் ஸ்கேன் எடுக்கும்போது ஃபில்லர் போட்டதைச் சொல்லிவிட்டால் தேவையில்லாத பதற்றம் மிச்சம்.

யார் போடக்கூடாது?

கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தள்ளிப்போடுங்கள், பாதுகாப்பு பற்றிப் போதுமான ஆய்வு இல்லை. போடும் இடத்தில் பருவோ புண்ணோ தொற்றோ இருந்தால் ஆறும்வரை வேண்டாம். தன்னெதிர்ப்பு நோய் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குவது), கடும் ஒவ்வாமை வரலாறு, ரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்கள் முதலில் தங்கள் டாக்டரிடம் பேச வேண்டும். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை போன்றவை ரத்தக்கட்டைக் கூட்டும், ஆனால் இதய நோய்க்காக எழுதிக் கொடுத்த மாத்திரையை ஊசிக்காக நீங்களாக நிறுத்துவது முட்டாள்தனம்.

வயதைப் பற்றி: எஃப்டிஏ ஒப்புதல் பொதுவாக 22 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான், உதட்டுக்கு 21. இங்கிலாந்தில் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அழகுக்காகப் போடுவது 2021 அக்டோபர் முதல் சட்டப்படி குற்றம்.

யாரிடம் போவது? எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்த பிராண்டு என்பதைவிட யார் கை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தோல் டாக்டர் அல்லது பிளாஸ்டிக் சர்ஜன், அவரும் முகத்தின் ரத்தக் குழாய்களைப் படித்துப் பயிற்சி எடுத்தவராக இருக்க வேண்டும். போனதும் நேராகக் கேளுங்கள்: ஹையலுரோனிடேஸ் இங்கேயே, இப்போதே இருக்கிறதா? அடைப்பு ஏற்பட்டால் என்ன செய்வீர்கள்? ராத்திரி யாரை அழைப்பது? இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம். பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள், சிரிஞ்சின் மேல் இருக்கும் தொகுதி எண் ஒட்டியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது ஆனால் உள்ளே இருப்பது என்ன என்று தெரிவதற்கு அதுதான் ஆதாரம்.

அழகு நிலையத்தில், வீட்டில், யாரோ மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் பாட்டிலிலிருந்து போடுவதெல்லாம் வேண்டவே வேண்டாம், அதில் திரவச் சிலிக்கான் இருந்தால் வாழ்நாள் முழுக்கத் தொல்லை. ஊசியில்லாமல் அழுத்தத்தால் தோலுக்குள் தள்ளும் ஹையலுரான் பேனாக்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று எஃப்டிஏ 2021-இல் எச்சரித்திருக்கிறது. எவ்வளவு ஆழத்தில் போகிறது என்றே தெரியாத ஒன்றை உதட்டில் வைத்து அழுத்துவதற்கு எப்படித்தான் மனசு வருகிறதோ.

முக்கியமான நிகழ்ச்சி வருகிறது, எத்தனை நாளுக்கு முன் போடலாம்?

குறைந்தது மூன்று நான்கு வாரம். முதல் இரண்டு வாரம் வீக்கமும் ரத்தக்கட்டும் வடிவதற்கு, மீதி நாள் எங்காவது ஏற்ற இறக்கம் இருந்தால் சரிசெய்வதற்கு. இதற்கு முன் போட்டதே இல்லை என்றால் ஆறு மாதம் முன்பே போட்டுப் பாருங்கள். நாளைக்கு நிகழ்ச்சி, இன்று உதட்டுக்கு மட்டும் கொஞ்சம் என்று கேட்டால் நல்ல டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார்.